காவலனை ஏவலாளாக்கலாமா?

சேலம் நகரின் வடபுறத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்தை நோக்கி விரிந்து கிடக்கும் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில், காலை மத்ரஸாவை முடித்து நான் வீடு திரும்பும் வேளையும் கடைகள் திறக்கும் வேளையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஷட்டரைத் தூக்கியதும் கடைப் பையன்கள் செய்யும் முதல் வேலை, சுவரிலுள்ள டி.பி. பெட்டியின் மூடியைத் திறந்து, வரிசையாக நிற்கும் எம்.சி.பி.க்களை விரலால் ஒவ்வொன்றாக மேலே தள்ளுவதாகும். கடை முழுவதும் வெளிச்சம் பரவும். இரவில் கடை அடைக்கும்போது அதே விரல் அதே வரிசையைக் கீழே இறக்கும். விளக்குக்கெனத் தனியே சுவிட்சு இல்லாத கடைகளும் உண்டு.

என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது நகரிலுள்ள ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறார். ஒருநாள் அவர் என்னை வழிமறித்து, "ஹஜ்ரத், எம்.சி.பி.யைச் சுவிட்சாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறார் எலக்ட்ரீஷியன். அது வீண் செலவுக்கு வழி என்கிறார் முதலாளி. இருவரில் யார் சொல்வது சரி?" என்று கேட்டார். நான் கலைக் கல்லூரியில் பயின்றவன். மின்சாரம் என் துறையன்று. எனினும் கேட்டவருக்கு அறிந்து சொல்வது கடமை அல்லவா? மின்பணியில் நெடுநாள் பழகிய நண்பர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்டதை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மேட்டூர் அணையடியில் 1937ஆம் ஆண்டு மின் உற்பத்தி தொடங்கிய பின் இப்பகுதியில் பரவிய மின்சாரத்துக்கு நெடுங்காலம் காவலாக இருந்தது பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால் அதிலுள்ள மெல்லிய கம்பி உருகி, இணைப்பு அறுந்துவிடும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று சலித்து, தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்த பெரியவர்களை நாம் கண்டதுண்டு. அந்த நொடியிலேயே காவல் செத்துவிட்டது என்பதை அவர்கள் உணரவில்லை. ஃபியூஸின் இடத்தை இன்று பிடித்திருப்பது எம்.சி.பி. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸ் என்பவரின் நிறுவனம் 1924ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றது. உருகிப் போகாமல், மீண்டும் மேலே தள்ளிப் பயன்படுத்தக்கூடிய காவல் என்பதே இதன் சிறப்பு.

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் இரண்டு காவலர்கள் இருக்கின்றனர். ஒருவர் பொறுமைசாலி. இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது. மிகுதியான மின்சாரம் நீடித்து ஓடினால் சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் ஏறத்தாழ 23 ஆம்பியர் ஓடினால், ஒரு மணி நேரத்துக்குள் அது துண்டித்தாக வேண்டும் என்பது விதி. மற்றவர் சினம் மிக்கவர். அது ஒரு மின்காந்தச் சுருள். ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். அப்போது எழும் பெருந்தீப்பொறியைக் கூறுபோட்டு அணைப்பதற்கென்றே உலோகத் தகடுகள் உள்ளே அடுக்கப்பட்டுள்ளன.

இத்தகைய காவலனை நாள்தோறும் விளக்கைப் போடவும் அணைக்கவும் ஏவினால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தொடுமுனைகள் பிரியும் இடத்தில் சிறு பொறி எழுகிறது. செம்புச் சோக் பொருத்திய பழைய டியூப் லைட்டுகளில் அது சற்று வலுவாகவே எழும். எல்.இ.டி. விளக்குகள் சிக்கனமானவைதாம், ஆனால் போடும் கணத்தில் அவற்றின் டிரைவர்கள் ஒரு பெரும் பாய்ச்சலை இழுக்கின்றன. ஒரு எம்.சி.பி.யில் இத்தனை விளக்குகளுக்கு மேல் கூடாது என்று உற்பத்தியாளர்கள் வரம்பு கூறுவது இதனாலேயே. காலப்போக்கில் முனைகள் கரிந்து குழிவிழும், ஸ்பிரிங் தளரும். வெளியே பார்த்தால் எம்.சி.பி. புதிதுபோலவே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கும் சிறு கடைக்கும் உரிய எம்.சி.பி.க்கான சர்வதேசத் தரவிதி, 4,000 முறை போட்டு அணைத்து அதைச் சோதிக்கச் சொல்கிறது. சாதாரண விளக்குச் சுவிட்சுக்கான தரவிதியோ 40,000 இயக்கங்களைக் கோருகிறது. காலையில் திறந்து, மதியம் அடைத்து, மீண்டும் திறந்து, இரவில் மூடும் கடையில் நாளொன்றுக்கு இரண்டு முறை. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 600 முறை. ஏழு ஆண்டு நிறையும் முன்பே 4,000 கடந்துவிடும். தொழுகை வேளைகளில் விளக்கை அணைத்துச் செல்லும் கடையில் நாளுக்கு ஐந்து முறை ஆனால், மூன்றே ஆண்டு போதும். அதன்பின் அது உடனே கெட்டுவிடும் என்று பொருளல்ல. சோதித்துக் காட்டிய உறுதி அத்தோடு முடிகிறது, அவ்வளவே.

முதலாளி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. அமெரிக்காவின் பெரிய கடைகளிலும் கிடங்குகளிலும் இவ்வழக்கம் உள்ளது. அந்நாட்டு மின் விதிநூல் அதை அனுமதிக்கவும் செய்கிறது. ஆனால் டியூப் லைட் வரிசைகளை இயக்கும் எம்.சி.பி., அப்பணிக்கெனத் தனியே சோதிக்கப்பட்டு, 'எஸ்.டபிள்யூ.டி.' என்ற குறி அல்லது அதனினும் உயர்ந்த குறி பொறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நம் ஊர் டி.பி. பெட்டிகளைத் திறந்து அக்குறியைத் தேடிப் பயனில்லை. அது அந்நாட்டு முறை.

தேய்மானத்தைவிட என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. சுவிட்சு கீழே இருந்தால் 'யாரோ அணைத்திருக்கிறார்கள்' என்று பொருள். எம்.சி.பி. தானே கீழே விழுந்திருந்தால் 'இங்கே ஆபத்து இருக்கிறது, பார்' என்று பொருள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட கடையில், கீழே கிடக்கும் எம்.சி.பி. என்ன சொல்கிறது என்பதை யார் அறிவார்?

அம்மாணவர் வேலை பார்க்கும் கடையில் நடந்ததும் இதுவே. ஒருநாள் இரவு, அடைப்பதற்குச் சற்று முன்பு ஒரு வரிசை விளக்கு தானே அணைந்தது. 'எப்படியும் அணைக்கத்தானே போகிறோம்' என்று மற்ற எம்.சி.பி.க்களையும் இறக்கிவிட்டுச் சென்றனர். மறுநாள் காலையில் வந்த வேறொரு பையன், வழக்கம்போல் எல்லாவற்றையும் மேலே தள்ளினான். அந்த வரிசை அன்று முழுதும் எரிந்தது. மூன்றாம் நாள் மீண்டும் விழுந்தது, மீண்டும் தள்ளப்பட்டது. பிறகு கருகும் வாடை வந்தபோதுதான் எலக்ட்ரீஷியனை அழைத்தனர். மேல்தளத்து அட்டைக்கு மேலே எலி கடித்த ஒயர் கரிந்து கிடந்தது. அதன் அருகிலேயே துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. யாருக்கும் தீங்கு நேரவில்லை, இறைவனுக்கே புகழ். காவலன் இரண்டு முறை கூவினான். கேட்கும் செவிதான் அங்கே இல்லை.

'வீண் செலவு' என்ற சொல்லையும் எடைபோட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு வரிசைக்கும் தக்க ஆம்பியர் அளவுள்ள ஒரு சுவிட்சு, சிறிது ஒயர், ஒருநாள் கூலி. விளக்குகள் மிகுந்த பெரிய கடையானால் கான்டாக்டர் என்னும் கருவியைப் பொருத்தி, ஒரே சுவிட்சால் பல வரிசைகளை இயக்கலாம். அடிக்கடி போட்டு அணைப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. கடையிலுள்ள சரக்கின் மதிப்போடு இச்செலவை ஒப்பிட்டால், வீண் எது என்பது விளங்கும். சுவிட்சு கெட்டால் கடை இருளும். எம்.சி.பி. கெட்டால், அது தேவைப்படும் நாளில்தான் கெட்டது தெரியவரும்.

இதனுடன் செய்ய வேண்டியவை சில. ஒவ்வொரு எம்.சி.பி.யின் கீழும் அது எந்த வரிசைக்குரியது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். தானே விழுந்ததை ஒருமுறைக்கு மேல் தள்ள வேண்டாம். மீண்டும் விழுந்தால் உரிமம் பெற்ற ஒயர்மேன் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடக்கட்டும். முனைத் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று ஆண்டுக்கொருமுறை அவரைக் கொண்டே பார்க்கச் செய்யுங்கள். திருகு தளர்ந்து சூடேறுவதை எம்.சி.பி. பெரும்பாலும் உணராது. பல ஆண்டு சுவிட்சாக உழைத்துத் தேய்ந்ததை மாற்றிவிடுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்தே வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் சொன்னேன். "முதலாளியிடம் நான் எப்படிச் சொல்வது?" என்று தயங்கினார். அத்தயக்கம் நியாயமானதே. ஆகவேதான் முதலாளிகளான சகோதரர்களை நோக்கி இதை எழுதுகிறேன். நாள்தோறும் அந்தப் பெட்டிக்குள் விரல் வைப்பவன் உங்கள் கடைப் பையன். காலையில் அவனை அனுப்பிவைக்கும் தாய், இரவில் அவன் நலமாகத் திரும்புவான் என்று உங்களை நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கை உங்கள் கையிலுள்ள அமானிதம். அதைக் காக்க ஒரு சுவிட்சின் விலை பெரிதன்று.