கோபாலபுரம் தாண்டினால் கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியே போகிறவருக்கு மாநிலம் மாறுவதைத் தென்னைகள் சொல்வதில்லை. இரு பக்கமும் அதே தோப்பு. பேச்சிலும் பெரும்பாலும் தமிழ்தான். மாறுவது சட்டம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம்; பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலோ அது தொழில். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் இங்கிருந்துதான் வண்டியேறுகிறது.

கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. கள்ளு ஷாப்பின் அலங்காரம் அத்தோடு சரி. உள்ளே பெஞ்சு, கண்ணாடி டம்ளர், மரவள்ளிக் கிழங்கு, கண்ணில் நீர் வரவழைக்கும் மீன்கறி. காலையில் இறக்கியது இனிக்கும். பொழுது ஏற ஏறப் புளித்து, வேகம் கூடும். பாளை ஒருநாள்கூடக் காத்திருக்காது. தட்டிச் சீவ, மழையானாலும் மரம் ஏறியாக வேண்டும்.

1996இல் சாராயத்தை ஒழித்த கேரளம், 2014இல் நூற்றுக்கணக்கான பார்களை மூடியபோதும் கள்ளைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் கதை நேர்மாறு: 2003 முதல் பிராந்தியை அரசே சில்லறையில் விற்கிறது, கள்ளுக்கோ தடை. வாடல் நோயும் வெள்ளை ஈயும் காய்ப்பைக் குறைத்துவிட்ட நிலையில், கள் இறக்க அனுமதி வேண்டும் என்கிறார்கள் தென்னை விவசாயிகள். அதுவரை தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எல்லை தாண்டி வந்து ஷாப்பு வாசலில் நிற்கின்றன.