கழியாத கடன்

சிக்கனத்தைப் பற்றி மாணவர்க்கு உபதேசிப்பது எங்கள் ஆசிரியத் தொழிலின் மரபுகளுள் ஒன்று. சிறுகச் சேர்ப்பவன் பெருக வாழ்வான் என்கிறோம். வறியவன் வறியவனாக இருப்பதற்கு அவனது ஊதாரித்தனமே காரணம் என்ற எண்ணமும் அந்த உபதேசத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கணக்குப் படிப்பிப்பவன் என்ற முறையில், அந்த எண்ணத்தை ஒரு கணக்கைக் கொண்டே சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். அது அமெரிக்கத் தொழிலாளரின் வீட்டுக் கணக்கு.

1831 ஆம் ஆண்டு, பிலடெல்பியாவை அடுத்த பிராங்போர்ட் என்னும் ஊரில் ஒக்ஸ்போர்ட் பிரொவிடன்ட் கட்டிடச் சங்கம் தோன்றியது. தொழிலாளியின் வீட்டுக்கு வங்கிகள் கடன் கொடுக்க முன்வராத காலம் அது. அயலவர் கூடி மாதந்தோறும் பணம் சேர்த்து, ஒருவர் பின் ஒருவராகக் கடன் பெற்றனர். முதற்கடன் 375 டொலர். அதைப் பெற்றவர் தெருவிளக்கு ஏற்றும் தொழிலாளி. இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் பரவி, 1920களின் பிற்பகுதியில் 12,000ஐத் தாண்டின. பிறர் தயவை எதிர்பாராது தொழிலாளர் தாமே எழுப்பிய நிலையங்கள் என்பதால் அவற்றை நான் மதிக்கிறேன்.

ஆனால் பல சங்கங்களின் கணக்கு முறையில் ஒரு பொறி இருந்தது. உதாரணமாக, ஒருவன் 1,000 டொலர் கடன் பெற்றால், 200 டொலர் பெறுமதியான ஐந்து பங்குகளையும் எடுக்க வேண்டும். கடனுக்கு வட்டி வேறு. பங்குக்கு மாதம் ஒரு டொலர் வீதம் ஐந்து டொலர் வேறு. கட்டிய பணமும் பங்கிலாபமும் சேர்ந்து, பதினொரு பன்னிரண்டு ஆண்டுகளில் 1,000 டொலர் ஆகும்போது கடன் ஒரே நாளில் தீரும். அதுவரை, எவ்வளவு கட்டினாலும், ஏட்டில் கடன் முழுக்கடனாகவே நிற்கும்.

பத்து ஆண்டுகள் தவறாது கட்டியவனின் பங்குகள் ஏறத்தாழ 800 டொலர் ஆகியிருக்கும். இன்னும் 200 டொலரே பாக்கி என்று அவன் நம்பியிருப்பான். 1929க்குப் பின் பெருமந்தம் வந்தது. 1933இல் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அயலவர் தவணை தவறினர், வீடுகளின் விலை வீழ்ந்தது, சங்கங்கள் நட்டமடைந்தன. அந்த நட்டம் உறுப்பினரின் பங்குகளின் மீதே விழுந்தது. பங்கின் மதிப்புப் பாதியானால், நம்முடைய ஆளின் 800 டொலர் 400 ஆகும். அவனது பாக்கி 200 அன்று, 600.

கரும்பலகையில் இதை எழுதிக் காட்டியபோது மாணவன் ஒருவன், "அவர் என்ன பிழை செய்தவர், சேர்?" என்று கேட்டான். கணக்கில் அதற்கு விடையில்லை.

வீடு வாங்காமல் பணம் மட்டும் சேர்த்தவர்க்கும் இதே கதிதான். அவர்கள் சட்டப்படி வைப்பாளர் அல்லர், பங்குதாரர். ஆகவே கேட்டவுடன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சங்கம் கடமைப்படவில்லை. அவசரத் தேவைக்காகத் தமது சேமிப்புப் புத்தகங்களைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றவர்கள் இருந்தனர். பிறர் முடையைக் கையிருப்புள்ளவன் இலாபமாக்கினான்.

1933இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. அவ்வாண்டு ரூஸ்வெல்ட் அரசு நிறுவிய வீட்டுரிமையாளர் கடன் கூட்டுத்தாபனம் ஏறத்தாழ பத்து இலட்சம் கடன்களைப் பொறுப்பேற்று, பதினைந்து ஆண்டுத் தவணையாக மாற்றியது. ஒவ்வொரு தவணையும் அன்றன்றே கடனைக் குறைக்கும் முறையாக அது அமைந்தது. 1934இல் சேமிப்புக்கு அரசின் காப்புறுதியும் வந்தது. தனிமனிதனின் சிக்கனம் செய்ய இயலாததைப் பொதுச்சட்டம் செய்தது.

அந்த நீதியும் முழுமையானதன்று. அதே கூட்டுத்தாபனம் 1935 முதல் வரைவித்த நகரப் படங்களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் சிவப்பு நிறத்தால், ஆபத்தான இடங்களாகக் குறிக்கப்பட்டன. தான் கடன் கொடுத்தவர்களுள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரின் வீடுகளையும் அது இறுதியில் கைப்பற்றியது.

சேமிக்கும் பழக்கத்தை நான் இகழவில்லை; என் மாணவர்க்கு அதை இனியும் சொல்வேன். அதனுடன் இன்னொன்றையும் சொல்வேன்: சேர்த்த காசு யார் கையில் இருக்கிறது, நட்டம் வரும்போது எவர் தலையில் விழும் என்று கேட்கப் பழகுங்கள். பத்தாண்டுகள் ஒரு தவணையும் தவறாத அந்தத் தொழிலாளிக்கு இக்கேள்வியை எவரும் கற்பிக்கவில்லை.