மட்டியும் கணவாயும்

உயர்தர உயிரியல் படிப்பித்த காலத்தில் என் நோட்ஸுக்கு மட்டக்களப்பில் கொஞ்சம் மவுசு. அதில் ஒரு வரி: மனித டீ.என்.ஏ.யில் புரதம் ஆக்கும் பகுதி இரண்டு வீதமளவே, மீதியெல்லாம் குப்பை. 1972இல் சுசுமு ஓனோ பரப்பிய சொல். பாடமாக்கச் சுகம்.

2003இல் வாவிக்கரைப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "சேர், மட்டியும் மொலஸ்கா, கணவாயும் மொலஸ்கா. மட்டியக் காலால தடவியே பொறுக்கிருவம். கணவாய் நிறத்த மாத்தி, மையப் பீச்சிப்போட்டு ஓடிரும். அதுக்கு மட்டும் எப்பிடி அவ்வளவு மூளை? அந்தக் குப்பைக்குள்ள ஏதும் கிடக்குமோ?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. நானும் சிரித்தேன். "சிலபஸில இல்ல மனே, இரு."

இருந்தாள். பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். வகுப்பு ஒழுங்காக இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

நான் சிரித்த நேரத்திலேயே விடயம் அச்சாகியிருந்தது. 1993இல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீற்றர் வட்டப்புழுவில், புரதம் ஆக்காத மிகச் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்றை விளக்கியிருந்தார்கள். அது இன்னொரு பரம்பரையலகின் தூது ஆர்.என்.ஏ.யில் ஒட்டி, புரதம் உண்டாவதை அடக்கும். புழுவின் விநோதம் என்று பலர் விட்டுவிட்டார்கள். 2000இல் அதே மாதிரியான இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ., லெட்-7, அகப்பட்டது: புழு, ஈ, மனிதன் மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. கூர்ப்பு அதை அத்தனை காலம் கட்டிக் காத்திருக்கிறது.

அந்த இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்த பிறகுதான் நான் வாசிக்கவே தொடங்கினேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. 2022இல் வந்த ஆய்வொன்றில் கண் நின்றது. ஒக்டோபஸும் கணவாயும் சேர்ந்த கிளை மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் இந்தச் சிறிய ஆர்.என்.ஏ.க்களைப் புதிதாக ஏராளமாகச் சேர்த்திருக்கிறது. அவை பெரும்பாலும் நரம்பிழையத்தில் இயங்குகின்றன. மட்டிக்கு உறவான சிப்பி சேர்த்தது ஒரு சிலதான். திரும்ப வாசித்தேன். அவள் கேட்டது இதைத்தான். மூளைக்கு இதுவே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் புரதங்களைப் பெரிதாக மாற்றாமல், எது எப்போது எவ்வளவு உண்டாக வேண்டும் என்பதை மாற்றியே புது உடலொன்றை ஆக்கலாம் என்ற வழி அங்கே தெரிகிறது.

அதற்காக மீதியெல்லாம் பொக்கிஷமும் அல்ல. வாவிப் பேத்தையின் இனத்தாரான ஃபூகு மீன், மனிதனில் எட்டிலொரு பங்கு டீ.என்.ஏ.யை வைத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறது.

என் நோட்ஸின் போட்டோக் கொப்பி இன்னும் ரியூசன்களில் சுற்றுகிறதாம். உங்கள் பிள்ளையின் கையில் அகப்பட்டால் அந்தக் ‘குப்பை’ வரியை வெட்டிவிடச் சொல்லுங்கள்.