உம்மாவின் தாரும் மருமகனின் ஆலையும்

மேலப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்கட்டில் ஒரு குழித்தறி இருந்தது. வாப்பா அதில் கட்டம் போட்ட சாரம் நெய்வார். பின்கட்டில் உம்மா பரிவட்டத்தில் சிட்டத்தை மாட்டி, இராட்டையில் தார் சுற்றுவார். இரண்டுக்கும் நடுவே ஓடித் திரிந்தவன் நான். சுற்றிய தாரை வாப்பாவிடம் சேர்ப்பதும், நூல் தீர்ந்த வெறுங்குச்சிகளைத் தறியடியிலிருந்து பொறுக்கி உம்மாவிடம் சேர்ப்பதும், பள்ளிக்கூடம் போகுமுன்னும் திரும்பிய பின்னும் எனக்கு இடப்பட்ட பணிகள்.

தார் கொண்டுபோவதை விரும்பியே செய்தேன்; வாப்பா முதுகில் தட்டிக்கொடுப்பார். குச்சி பொறுக்குவதில் அந்தச் சுவை இல்லை. கோலி விளையாட்டில் அதை மறந்துபோவதுண்டு. அப்போது பச்சை நூல் தாருக்காகத் தறி நிற்கும். உம்மாவோ பச்சை நூல் கைவசம் இருந்தும் குச்சியின்றிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னொரு இராட்டை வாங்கிப் போட்டா என்ன?" என்று வாப்பா ஒருநாள் கேட்டார். "இராட்டை எதுக்கு? இந்தப் பய குச்சியக் கொண்டாந்தாப் போதும்" என்றார் உம்மா. வாப்பா இன்று இல்லை, தறியும் இல்லை.

என் தங்கை மகன் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படித்தான். 2023ஆம் ஆண்டு, இராசபாளையம் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் ஆய்வுத்திட்டம் மேற்கொண்டான். "மாமா, ஆலையையே கம்ப்யூட்டருக்குள்ள கட்டப் போறேன்" என்று வந்து நின்றவன், வண்ணப் புள்ளிகள் கோடு கோடாக ஊர்ந்து செல்லும் திரையைக் காட்டினான். ஒரு புள்ளி ஒரு கேன். மற்றொன்று ஒரு பாபின். சிமுலேஷன் என்பது அதன் பெயர்.

தமிழாசிரியனாகிய எனக்கு முதலில் உறுத்தியது அதன் கலைச்சொல்தான். 'உருவகப்படுத்துதல்' என்று பலரும் எழுதுகிறார்கள். உவமைக்கும் பொருளுக்கும் இடையே உள்ள வேற்றுமையை மறைத்து, இரண்டும் ஒன்றே என்று கூறுவது உருவகம் என வகுப்பில் நடத்துகிறோம். கணிப்பொறிக்குள் இருக்கும் ஆலை உண்மையான ஆலையாகிவிடுமா? அது போன்றது, அவ்வளவே. ஆகவே இது உருவகமன்று, உவமை என்றேன். மருமகன் சிரித்தான். "பேரு எதுவா இருந்தா என்ன மாமா?" என்றான்.

இக்கலை புதியதன்று. இங்கிலாந்தில் யுனைடெட் ஸ்டீல் நிறுவனத்தில் பணியாற்றிய டோச்சர் என்பவர், 1950களின் இறுதியிலேயே ஆலை வேலைகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்கும் பொதுவான செயல்நிரலை உருவாக்கினார். 1963இல் இதுபற்றி நூலும் எழுதினார். எனினும் என்னைக் கவர்ந்தது, 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிறுவிய ஓர் எளிய விதி. ஓர் ஆலைக்குள் தேங்கிக் கிடக்கும் சரக்கின் அளவு, மணிக்கு வெளியேறும் அளவையும் ஒரு பொருள் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம். மணிக்கு 250 கிலோ நூல் வெளிவரும் ஆலையில் 6,000 கிலோ பஞ்சும் இழையும் ஆங்காங்கே நின்றால், உள்ளே நுழைந்த பஞ்சு நூலாகி வெளியேறச் சராசரியாக 24 மணி நேரம் ஆகும். நெரிசலைக் கூட்டினால் வெளியே வரும் வேகம் கூடாது; காத்திருப்புத்தான் கூடும். உம்மா இவ்விதியைப் படித்தவரல்லர். ஆயினும், வேண்டாத நிறத்தில் தார் சுற்றிக் குவிக்க ஒருநாளும் அவர் உடன்பட்டதில்லை.

மருமகன் சென்ற ஆலையின் சிக்கல் இது. பஞ்சு ப்ளோரூமில் சுத்தமாகி, கார்டிங்கில் சீவப்பட்டு, டிராயிங்கில் சீரான பட்டையாகிக் கேன்களில் இறங்குகிறது. சிம்ப்ளக்ஸ் இயந்திரம் அப்பட்டையை மெல்லிய இழையாக்கிப் பாபின்களில் சுற்றுகிறது. அப்பாபின்களிலிருந்து ஸ்பின்னிங் இயந்திரங்கள் நூல் நூற்கின்றன. சிம்ப்ளக்ஸுக்கு முன்னே நிறைந்த கேன்கள் வரிசையாக நின்றன. பின்னே ஸ்பின்னிங் பகுதி பாபின் இன்றித் தவித்தது. சிம்ப்ளக்ஸ் போதவில்லை, இன்னொன்று வாங்கலாமா என்பது நிர்வாகத்தின் கேள்வி.

மருமகன் கடிகாரத்தோடு போய் நின்றதும் தொழிலாளர் வாய்மூடிக்கொண்டனர். கடிகாரம் வந்தால் ஆட்குறைப்பு வரும் என்பது அவர்கள் அறிந்த பாடம். ஆய்வின் நோக்கத்தை நல்ல தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தருமாறு அவன் கேட்டான். எழுதினேன். "இவ்வாய்வினால் எவருடைய பணிக்கும் ஊறு நேராது" என்ற வரியையும் சேர்த்தேன். நேரில் போய், ஷிப்ட் மாறும் வேளையில் நானே அதைப் படித்தும் காட்டினேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பத்து நாள் குறித்த நேரங்களைக் கொண்டு ஆலையைக் கட்டினான். ஒரே நாளை அன்று. இயந்திரம் நிற்பதும் இழை அறுவதும் பகடை விழுவதுபோல் மாறி மாறி வரும் நூறு நாள்களை ஓட்டினான். அவனுடைய சிம்ப்ளக்ஸ் தடையின்றி ஓடியது. கேன்கள் தேங்கவே இல்லை. மெய்யான ஆலையிலோ நாள்தோறும் தேங்கின. கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் பிழை அகப்படவில்லை.

பிழையைக் காட்டியவர் அப்பகுதியில் பெருக்கும் ஓர் அம்மையார். ஐம்பது வயதைக் கடந்தவர். புள்ளிகள் ஓடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, பாபின் போறது தெரியுது. காலி பாபின் திரும்பி வர்றது எங்க?" என்றார்.

அவன் காலி பாபினைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேண்டும்போதெல்லாம் அது இருக்கும் என்று கொண்டுவிட்டான். அங்கே ஒவ்வொரு இரக நூலுக்கும் ஒரு நிறப் பாபின். மஞ்சள் பாபின்கள் தீர்ந்து ஸ்பின்னிங் இயந்திரங்களுக்கு அடியில் கூடைகளில் கிடக்கும். யாருக்காவது நினைவு வந்தால் வண்டியில் வரும். அதுவரை சிம்ப்ளக்ஸ் நிற்கும். குச்சி பொறுக்கியே வளர்ந்த நான் அருகில்தான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலி பாபின் திரும்பும் வழியைச் சேர்த்தவுடன் திரையிலும் கேன்கள் தேங்கின. புதிய சிம்ப்ளக்ஸ் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தான். அதுவும் பாபினுக்காகக் காத்து நின்றது. 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் வண்டியோடு சுற்றி வந்தால் போதும், 30 நிமிடமாகக் குறைப்பதால் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது. அறிக்கையை ஆலை ஏற்றுக்கொண்டது. இயந்திரம் வாங்கும் செலவு மிஞ்சியது. மருமகனுக்குத் துறையில் நல்ல பெயர்.

ஆறு மாதம் கழித்து, ஒரு திருமணத்துக்காக அவ்வழியே போனபோது ஆலை வாசலில் அந்த அம்மையாரைக் கண்டேன். காலி பாபின் வண்டி அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. பெருக்கும் வேலையும் குறையவில்லை. புதிதாக ஆள் போடவில்லை; கூலியும் கூட்டவில்லை. "நல்லாத்தான் ஓடுது சார். கால்தான் வலிக்குது" என்றார். குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதுதான் என்னை வருத்தியது.

ஊர் திரும்பியதும் மருமகனிடம் சொன்னேன். கணிப்பொறியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இதுல அவங்க முதல் சுற்றுலயும் பத்தாவது சுற்றுலயும் ஒரே வேகத்துல நடக்கிறாங்க. களைப்புன்னு ஒண்ணை நான் வைக்கவே இல்லை" என்றான். உவமை, உருவகம் என்று நான் சொன்னதை அவன் நினைவுபடுத்தவில்லை, நானும் பேசவில்லை.

களைப்பையும் ஓய்வையும் சேர்த்து மறுபடி ஓட்டினான். அந்த வண்டிக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று வந்தது. இரண்டு பக்கத்தில் ஒரு துணையறிக்கை எழுதி ஆலைக்கு அனுப்பினான். பார்க்கிறோம் என்று பதில் வந்தது; பிறகு ஒன்றும் வரவில்லை.

இப்போது அவன் வேறோர் ஆலையில் இதே வேலையைச் செய்யப் போகிறான். தொழிலாளர்க்குப் படித்துக்காட்ட ஒரு பக்கம் எழுதித் தருமாறு சென்ற வாரம் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். அந்தப் பழைய வரி இருந்த இடத்தில், யாருடைய வேலை கூடும், யாருடைய வேலை குறையும் என்பதை அறிக்கை கொடுக்குமுன் உங்களுக்கே முதலில் வந்து சொல்வோம் என்று எழுதியிருக்கிறேன். நிர்வாகம் இதற்கு ஒப்புமா என்று கேட்டான். கேட்டுப் பார் என்றேன்.