விலை போகாத சாமான்

வீட்டுக்குள் ஒரு புதுச் சாமான் வர வேண்டுமானால் நாள் பார்க்கிறோம். ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்க்கிறோம். பழைய சாமானை வெளியே அனுப்புவதற்கு நாள் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை. அதற்கும் ஒரு நாள் உண்டு, அது சனிக்கிழமை என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது சென்னை மாநகராட்சி.

சமாசாரம் இதுதான். எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு மெத்தை கிடந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஐந்து அங்குலக் கனம். அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவருக்காக வாங்கியது. இரண்டரை வருஷம் அவர் அதில்தான் கிடந்தார். அவர் போய், முதல் வருஷத் திதியும் கொடுத்தாகிவிட்டது. மெத்தை மட்டும் போகவில்லை. அதற்குத் துணையாகக் கூடத்தில் ஒரு சோபா, நான்கு கால்களில் ஒன்று ஒடிந்து, அந்த இடத்தில் செங்கல்லை வைத்துக் கொண்டு நின்றது.

இறந்தவருடைய பாயையும் படுக்கையையும் அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றிவிடுவது பழைய வழக்கம். அன்று உறவினர் இரண்டு பேர் மெத்தையைத் தூக்கவும் வந்தார்கள். "இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தடுத்தவன் நான்தான். ஏன் தடுத்தேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது உருக்கமாகச் சொல்லியிருப்பேன். கதை எழுதுகிறவனுக்கு உருக்கத்துக்கா பஞ்சம்?

திதி முடிந்த மறுவாரம் அம்மா சொன்னாள்: "அந்த மெத்தையை எடுத்துப் போடுடா."

"ஆகட்டும் அம்மா" என்றேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஆகட்டும் என்றேன். மூன்றாம் தடவை அம்மா என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னாள். அதன் பிறகுதான் காரியம் நகர ஆரம்பித்தது.

முதலில் காயலான் கடைக்காரரை அழைத்து வந்தேன். அவர் இரும்புக் கட்டிலைக் கண்டதும் முகம் மலர்ந்தார். கழற்றி, எடை போட்டு, 28 கிலோ என்று கணக்குப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். மெத்தையைக் காட்டினேன். ஒரு மூலையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போகணும்னா நீங்கதான் சார் எனக்குக் காசு தரணும்."

"சோபா?"

"அதுல மரம் இருக்குன்னு நினைக்கிறீங்களா? ஆணியை எடுத்தா மிச்சம் தூள்தான்."

அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் யோசித்துக் கொண்டிருந்தேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் இலவம் பஞ்சு மெத்தைதான். பஞ்சு கட்டி தட்டினால் மொட்டை மாடியில் வெயிலில் போடுவார்கள். உறை கிழிந்தால் தெருவில் பஞ்சு கொட்டுகிறவர் வருவார். வில்லைப் போன்ற ஒரு கருவியால் நாண் அதிர அதிரப் பஞ்சை அடித்துப் பூவாக்கிவிட்டு, புது உறையில் திணித்துத் தைத்துக் கொடுப்பார். மெத்தைக்கு ஆகாத பஞ்சு தலையணைக்குப் போகும். உறைத்துணி கரித்துணியாகும். கடைசியில் எறிவதற்கு என்று ஒன்றும் மிஞ்சாது. இன்றைய மெத்தை அப்படி அல்ல. தேங்காய் நாரை ரப்பர் பாலில் தோய்த்து அழுத்தியிருக்கிறார்கள். அதன் மேல் பெட்ரோலியத்திலிருந்து பிறந்த நுரைப்பஞ்சை ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தெடுப்பதும் பாடு, பிரித்தாலும் விலை போவது அருமை. மண்ணில் போட்டால் நார் என்றாவது மக்கும். நுரைப்பஞ்சு நம் பேரன் காலத்திலும் நுரைப்பஞ்சாகவே இருக்கும்.

சரி, விலைக்குப் போகாதது தானத்துக்குப் போகட்டும் என்று நினைத்தேன். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளிடம் என் மனைவி, சோபா வேண்டுமா என்று கேட்டாள். கேட்கும்போது அவள் குரலில் கொஞ்சம் தயாளம் தொனித்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எங்க வீட்ல இதை வெச்சா நாங்க எங்கேம்மா நிக்கிறது?" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

நமக்கு வேண்டாத சாமானுக்காக ஏழைகள் எங்கேயோ காத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் அன்று கால் ஒடிந்து செங்கல் மேல் உட்கார்ந்தது.

மூன்றாவது யோசனை எதிர் வீட்டு நண்பருடையது. "இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்களே! ராத்திரி பதினோரு மணிக்கு மேலே கால்வாய்க் கரைக்குக் கொண்டு போனா யாரு கேக்கறாங்க? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

நண்பர் கெட்டவர் அல்ல. கோவிலுக்குப் போகிறவர், கடன் வாங்கினால் திருப்பித் தருகிறவர். நானும் அப்படித்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் நான் உலாவப் போகிற சாக்கில் கால்வாய்க் கரைக்குப் போய் இடம் பார்த்தேன்! எனக்கு முன்பே பலர் இடம் பார்த்திருந்தார்கள். ஒரு சோபா தண்ணீரில் பாதி அமிழ்ந்து கிடந்தது. அதன் கைப்பிடியில் ஒரு காக்கை உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

அங்கே நின்றபோது எனக்கு 2015 டிசம்பர் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளம் வடிந்த பிறகு சென்னைத் தெருக்களில் நடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் மெத்தைகள். தண்ணீர் குடித்து, யானைக் கனம் கனத்து, நாற்றமெடுத்துக் கிடந்தன. அவற்றை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தண்ணீர் போக வேண்டிய வழியில் நாம் மெத்தை விரித்தால், தண்ணீர் நம் மெத்தையைத் தேடி வீட்டுக்குள் வராமல் என்ன செய்யும்?

இது உயர்ந்த சிந்தனைதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை வீட்டுக்குத் திருப்பியது இந்தச் சிந்தனை மட்டும் அல்ல. பொது இடத்திலும் நீர்நிலையிலும் குப்பை கொட்டுவோருக்கு 500 ரூபாயாக இருந்த அபராதத்தை மாநகராட்சி 2024-ல் 5,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. நீதி நூல்களை விட ஐயாயிரம் ரூபாய் தெளிவாகப் பேசுகிறது.

கடைசியில் வழி காட்டியவள் என் மனைவி. "நாளெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்களே, 1913-க்குப் பேசினா என்ன?" என்றாள்.

1688-ல் ஏற்பட்ட மாநகராட்சி இது. முந்நூறு வருஷங்களுக்கு மேல் மெத்தை அதற்கு ஒரு பிரச்னையாக இருந்ததாகத் தெரியவில்லை; பஞ்சு கொட்டுகிறவரே அதைப் பார்த்துக் கொண்டார். 2025 அக்டோபரில்தான், பழைய சோபா, கட்டில், மெத்தை, துணி போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து எடுத்துக் கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 1913 என்ற எண்ணில் சொல்லலாம். 'நம்ம சென்னை' செயலியிலும் பதியலாம். நான் பேசுவதையே தேர்ந்தெடுத்தேன்.

மறுமுனையில் ஒரு பெண் பேசினார். பெயர், தெரு, வீட்டு எண், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகக் கேட்டார்.

"என்ன பொருள் சார்?"

"ஒரு சோபா. அப்புறம் ஒரு மெத்தை." அந்த மெத்தையைப் பற்றி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மெத்தை ஒண்ணு" என்று அவர் எழுதிக் கொண்டார். "சனிக்கிழமை வருவாங்க சார்."

இவ்வளவுதான் வேலை. இதற்காக நான் எத்தனை மாதம் எடுத்துக் கொண்டேன் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து பின்னறைக்குப் போனேன். மெத்தையின் நடுவே அப்பாவின் உடம்பு அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதில் கையை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்தது. அம்மா நின்று கொண்டிருந்தாள்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்லே. அப்பா ஞாபகம். நாளைக்கு இதுவும் போயிடுமே..."

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. சுவரோரம் மெல்ல உட்கார்ந்தாள்.

"உனக்கு இது ஞாபகம். எனக்கு இது ராத்திரி ரெண்டு மணி. ரப்பர் துணி மாத்தறது, முதுகு புண்ணாகாம ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறது, விடிஞ்சா இதைத் தூக்கி வெயில்ல சாத்தறது. உங்க அப்பா இதுக்கு முன்னாடி நாற்பத்தஞ்சு வருஷம் என்னோட இருந்தாருடா. இது இங்கே கிடக்கிற வரைக்கும் அந்த மனுஷன் எனக்கு ஞாபகத்துக்கே வரமாட்டேங்கிறாரு."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருந்தது? அந்த இரண்டரை வருஷமும் நான் அதே வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்தேன். நாளைக்கு இரண்டு தடவை வந்து வாசற்படியில் நின்று, "எப்படி அப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவேன். மெத்தையைச் சுமந்தவளுக்கு அது சுமை. சுமக்காதவனுக்கு அது ஞாபகச் சின்னம். அந்தச் சின்னத்தைக் காப்பாற்றி, செய்யாத சேவைக்கு ஈடு கட்டிவிடலாம் என்று நான் எண்ணியிருந்தேன் போலும். அதற்கு வாடகையை அம்மா கொடுத்துக் கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். எங்கள் வீடு இரண்டாவது மாடி, மின்தூக்கி கிடையாது. சோபாவை அவர்கள் இறக்கினார்கள். மெத்தைக்கு நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது வளைந்து கொண்டே நழுவும், கைக்கு அடங்காத கனம் என்று. முதல் திருப்பத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. எழுபது வயதை நெருங்கியவள் இதைத் தினமும் தூக்கி வெயிலில் சாத்தியிருக்கிறாள்!

கீழே வந்ததும் அந்தப் பெண் கையுறையைச் சரி செய்து கொண்டே மெத்தையைப் பார்த்தார். ரப்பர் துணி கிடந்து வெளுத்த அடையாளம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. மோர் கொண்டு வந்த அம்மாவிடம் திரும்பினார்.

"படுக்கையில கிடந்தவங்களா அம்மா?"

"எங்க வீட்டுக்காரரு. ரெண்டரை வருஷம்."

"எங்க மாமியா மூணு வருஷம் கிடந்துச்சு. நான்தான் பார்த்தேன். முதுகுப் புண்ணு வந்திச்சா?"

"வரவிடலே" என்றாள் அம்மா.

"பெரிய விஷயம்மா அது" என்றார் அந்தப் பெண்.

அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எத்தனையோ பேர். அப்பாவின் குணத்தைப் புகழ்ந்தார்கள். எனக்கு ஆறுதல் சொன்னார்கள். முதுகில் புண் வராமல் பார்த்துக் கொண்டது பெரிய விஷயம் என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. குப்பை எடுக்க வந்தவர்தான் சொன்னார்.

"இதை எங்கே கொண்டு போவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மணலி பக்கம் உலை இருக்குதும்மா. அங்கே எரிச்சிடுவாங்க."

"எரிச்சிடுவாங்களா? நல்லது" என்றாள் அம்மா.

வண்டி கிளம்பியது. எனக்கு அவ்வளவு சுலபமாக 'நல்லது' என்று சொல்ல முடியவில்லை. இந்த நகரம் ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் அதை மலையாகக் குவித்தோம். பெருங்குடி மலை நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்; 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது அந்தச் சதுப்பு நிலம். அதே ஆண்டு ஏப்ரலில் அந்தக் குப்பை மலை தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. உலையில் எரித்தாலும் புகை உண்டு. புகை போகிற திசையிலும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளிலும் யாராவது படுக்கையில் கிடப்பார்கள். என் வீட்டு வாசலோடு காரியம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், இருட்டில் கால்வாயில் தள்ளுவதற்கும், பட்டப்பகலில் பெயரும் விலாசமும் சொல்லி, ஒரு பக்கம் நாமே பிடித்து இறக்கி, எடுத்துப் போகிறவரின் முகத்தைப் பார்த்து அனுப்புவதற்கும் வித்தியாசம் உண்டு. கனம் தெரிந்தவன் அடுத்த தடவை வாங்கும்போது கொஞ்சம் யோசிப்பான்.

அம்மா பின்னறையை இரண்டு தடவை பெருக்கித் துடைத்தாள். மாலையில் வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், வாசற்படியில் நிற்கவில்லை.

"கல்யாணமான புதுசுல உங்க அப்பா ஒரு இலவம் பஞ்சு மெத்தை வாங்கினாரு" என்று தானாக ஆரம்பித்தாள். "வண்டிக்கூலி மிச்சம் பண்றேன்னு சைக்கிள் காரியர்ல கட்டிக்கிட்டு வந்தாரு. தெரு முனையில கயிறு அறுந்து, மெத்தையும் அவரும் சேர்ந்து உருண்டாங்க. தெருவே பார்க்குது. இவரு எழுந்திருக்காம அது மேலேயே சாய்ஞ்சு படுத்துக்கிட்டு, 'நல்லா மெத்துனுதான் இருக்கு, நீயும் வந்து பாரு'ன்னாரு."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அந்தக் கதையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.