மேலே நிறைவு, கீழே வெறுமை



பலிபீடத்தின் அக்கினி அணையாமல் எரியவேண்டும் என்ற கட்டளையை லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். அதனுடன் சேர்ந்துள்ள இரண்டு வேலைகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆசாரியன் சாம்பலை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். காலைதோறும் விறகிட வேண்டும்.

இவ்வேலையின் அருமையை அறிய, நெல் அவிக்கும் அரிசி ஆலையின் கொதிகலன் அருகே சற்று நின்றால் போதும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு நம்மவர்கள் கொண்டுவரும் நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைகளில் புழுங்கலுக்கான நீராவிக்கு அதுவே எரிபொருளாகிறது. தொட்டியில் கொட்டிய உமியைத் திருகுத்தண்டு சிறிது சிறிதாக அடுப்புக்குள் தள்ளும். குளிர்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் சிலரின் வீடுகளில், மரத்தூளை அழுத்திச் செய்த 6 மில்லிமீட்டர் பருமனுள்ள குச்சிகளை எரிக்கும் அடுப்பும் இம்முறையிலேயே இயங்குகிறது.

இரண்டுக்கும் வரும் நோயும் ஒன்றே. ஐப்பசி மழையில் நனைந்த உமி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, தொட்டியின் குறுகிய வாயின்மேல் வளைவாக நின்றுவிடும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தொட்டி நிறைந்திருக்கும், கீழே திருகு வெறுமையில் சுழலும், அடுப்பு தணியும். மரக்குச்சியோ ஈரம் பட்டால் ஊதித் தூளாகி, திருகின் இடுக்கில் இறுகும். சாக்கு நூலும் சிறு கல்லும்கூடத் திருகை நிறுத்தப் போதும். நல்ல மரக்குச்சியில் சாம்பல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உமியிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதை அகற்றாவிடில் காற்று செல்லும் வழி அடைபடும், புதிய எரிபொருளுக்கும் இடமிராது.

மோட்டார் நின்றவுடன் சுவிட்சை மீண்டும் மீண்டும் அழுத்துவது தீர்வாகாது. முதலில் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, வேறொருவர் இயக்காதபடி காவல் வைக்க வேண்டும். தீ திருகின் வழியே தொட்டிக்கு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பு ஆறியபின் நீண்ட கோலால் அடைப்பைக் கலைத்து, சாம்பலை வாரி, உலர்ந்த உமியையே இட வேண்டும். ஓடும் திருகுக்குள் கைவிடவோ, தொட்டியில் உமியின்மேல் ஏறி மிதிக்கவோ ஒருவரையும் அனுமதிக்கலாகாது. வளைவு சரிந்தால் மேல் நிற்பவர் உமிக்குள் புதைவார். கூலிக்கு வந்தவரின் கை, ஒரு நாள் நீராவியைவிட விலையேறப்பெற்றது. ஆலை நடத்தும் நம் சபையார் இதை இன்றே தம் வேலையாட்களுக்குச் சொல்வார்களாக.

பிரியமானவர்களே, நம் உள்ளத்திலும் இவ்வாறு நேரிடுவதுண்டு. வேதவசனம் மனப்பாடமாக இருக்கிறது, ஆராதனைக்குத் தவறாமல் வருகிறோம்; ஆயினும் வீட்டில் அன்பு தணிந்திருக்கிறது. மேலும் மேலும் கொட்டுவதால் அந்த அடைப்பு நீங்காது. மன்னிக்காமல் வைத்திருக்கும் பழைய வருத்தம் ஈரமாக இறுகியிருக்கலாம். அள்ளப்படாத சாம்பலாக நேற்றைய கோபம் குவிந்திருக்கலாம். வேகத்தை நிறுத்தி, காரணத்தைத் தேடி, அதை வெளியே கொண்டுபோவோம். யாரிடம் பேசாதிருக்கிறோமோ, அவரிடம் இவ்வாரம் முதலில் நாமே பேசுவோம்.

சாம்பலை அகற்றும் மனத்தாழ்மையையும் காலைதோறும் விறகிடும் பொறுமையையும் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.