தெற்கே பதினோரு பாகை

13.1.2026
ஊர் வந்தாச்சு. பஸ்ஸில் இடுப்பு போச்சு. ராத்திரி மொட்டை மாடி. அகத்தியர் நட்சத்திரம் பளிச். அதற்குக் கீழே, கொஞ்சம் மேற்கே தள்ளி, பெரிய மெகல்லன் மேகம் இருக்கணும். பனி. அடிவானம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வெளிச்சம். தெரியவில்லை.

14.1
போகி. புகை. தொண்டை கரகரப்பு. மாடிக்குப் போகவில்லை. லேப்டாப்பில் ஹப்பிள் படங்கள், அந்த மேகத்தில் வெடித்த 1987ஏ சூப்பர்நோவாவின் வளையம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரே ஒரு பொட்டு. அப்புறம் அதிர்வலை மோத மோத ஒவ்வொன்றாய்ப் பற்றி, வளையம் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி. அந்த நட்சத்திரம் வெடிப்பதற்கு 20,000 வருஷம் முன்பே உமிழ்ந்த வாயு அது. 2009 வாக்கில் உச்சம். பிறகு மங்கல்தான். எண்களாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. படங்களை வரிசையாய் வைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

15.1
பொங்கல். மூன்று தடவை சாப்பிட்டேன். "பனியில நிக்காத, தலையில நீர் கோத்துக்கும்." அம்மா. சரி என்றேன். போனேன். புதுத் தெருவிளக்கு கண்ணைக் குத்துகிறது. எரிச்சல். தெரியவில்லை.

16.1
இங்கே மெகல்லன் மேகம் உச்சிக்கு வந்தாலே 11 பாகைதான். காவலூர் வானாய்வகத்தில் சுமார் 8. அந்த எட்டை வைத்துக்கொண்டு 1987-ல் சூப்பர்நோவாவின் நிறமாலை எடுத்திருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது. அந்த மே மாதம் வெறுங்கண்ணுக்கே தெரிந்ததாமே. எனக்குக் குறுக்கே தென்னை ஓலை.

18.1
தை அமாவாசை. சதுரகிரிக்கு வேன் வேனாய் ஜனம். நல்ல இருட்டு. ஒரு கணம் தெரிந்த மாதிரி. இல்லை. பைனாகுலர் கண்ணாடியில் ஈரம். விரல் மரத்துவிட்டது. போதும், இனி வேண்டாம்.

19.1
கண்மாய்க்கரைக்குப் போனேன். காற்று. பனி இல்லை. 9.50.

இருக்கிறது.

நேராகப் பார்த்தால் மறைகிறது. ஓரக்கண்ணில் வருகிறது. சாம்பல் திட்டு, ஓரமெல்லாம் கரைந்து. மூச்சை அடக்கினால்தான் பைனாகுலர் நிற்கிறது. வளையம் இதற்கு எட்டாது, தெரியும். ஆனால் அந்தத் திட்டுக்குள்தான் இருக்கிறது. 1,68,000 ஒளியாண்டு. கால் முழுக்கக் கொசுக்கடி. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "காலையில சொல்லு."

20.1
மறுபடி பனி. தும்மல். பை கட்டியாச்சு. வளையம் மங்கட்டும். 2024-ல் ஜேம்ஸ் வெப் தரவில், நடுவே நியூட்ரான் நட்சத்திரம் இருப்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது. வெடிப்பின் வெளிச்சம் நமக்கு வந்து சேர்ந்து பிப்ரவரி 23-ல் 39 வருஷம்.